தாய்க் கணினி

செஞ்சியிலிருந்து சிங்கவரத்துக்கு வரும் வழியில், சாலைக்குச் சற்று அப்பால், திருநாதர்குன்று என்னும் பாறைக் குன்று ஒன்று உண்டு. கோட்டையைக் காண வருகிற யாத்திரிகர்களில் பெரும்பாலோர் அதை எட்டியும் பாராமல் போய்விடுகிறார்கள். 2025 ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் மராட்டியர் தொடர்புள்ள கோட்டைகள் 12ஐ உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் ஏற்றினார்கள். அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். அந்தச் செய்தி வந்த பிற்பாடு வண்டிகளெல்லாம் நேரே ராஜகிரியின் அடிவாரத்திலேயே போய் நிற்கின்றன. திருநாதர்குன்றோ முன்போலவே ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும், விடுமுறை நாளில் வேறு வேலையற்ற நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கும் உரியதாயிருக்கிறது.

அக்குன்றின் பாறை முகத்தில் தீர்த்தங்கரர் 24 பேரையும், வரிசைக்குப் பன்னிருவராக, இரண்டு வரிசைகளில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே இருக்கை, ஒரே பார்வை, ஒரே அமைதி. யார் யாரென்று தூரத்திலிருந்து சொல்ல இயலாது. சமண மரபிலே ரிஷபநாதருக்குக் காளை, பார்சுவநாதருக்குப் பாம்பு, மகாவீரருக்குச் சிங்கம் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இலாஞ்சனை சொல்லப்படுகிறது. உருவத்தால் ஒத்திருப்பவர்களை அந்த அடையாளந்தான் பிரித்துக் காட்டும்.

இந்தப் பழைய விஷயம் நமக்குப் புதிதாக உறைத்தது ஒரு கணினி அறையில். அதுவும் சும்மா உறைக்கவில்லை; ஒரு பெண் குழந்தையின் கண்ணீரோடு உறைத்தது. அதைத்தான் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நாம் பணியாற்றும் பள்ளியில் கணினிகள் இருபது இருக்கின்றன. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றிலே ஸி பிளஸ் பிளஸ் பயில்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பார் பைதான் பயில்கிறார்கள். எல்லாம் பல ஆண்டு உழைத்த யந்திரங்கள். அவற்றுள் குடியிருந்தது விண்டோஸ் 10 என்னும் இயக்க அமைப்பு. கணினி என்பது வெறும் வீடு; அதில் அடுப்பு மூட்டி, விளக்கேற்றி, வருவோர்க்கு இலை போட்டு நடத்துகிற இல்லத்தரசி இயக்க அமைப்புத்தான். இந்த விண்டோஸ் 10க்குப் பொதுவாக இலவசமாக அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் நிறுத்திக்கொண்டார்கள். அடுத்ததான விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் வேண்டுமென்பது அவர்கள் நிபந்தனை. நம் கிழட்டு யந்திரங்களிடம் இரண்டும் இல்லை. ஆகவே, விலையின்றிக் கிடைப்பதும், பழைய யந்திரத்திலும் முகஞ்சுளிக்காமல் ஓடுவதுமான லினக்ஸ் வகைகளுள் ஒன்றை ஏற்றிவிடுவதென்று தலைமையாசிரியரும் நாமும் தீர்மானித்தோம்.

தீர்மானிப்பது எளிது. ஒரு கணினியில் இயக்க அமைப்பை ஏற்றி, திருத்தங்களைச் சேர்த்து, தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் அமைத்து, பைதான் முதலிய பாட மென்பொருள்களையும் வைத்து, அச்சு யந்திரத்தோடு இணைத்து முடிக்க அரை நாள் ஆகிறது. இருபதுக்குப் பத்து நாள். பத்து நாளைக்கு வகுப்பை மூடி வைக்க முடியுமா? முடிந்தாலும், ஐந்தாவது யந்திரத்தில் அலுப்பு வந்து, எட்டாவதில் ஒன்றை மறந்து, பதினைந்தாவதில் வேறொன்றை மறந்து, கடைசியில் இருபதும் இருபது விதமாக நிற்கும்.

இதற்கு உலகத்தார் கண்ட உபாயந்தான் படியெடுத்தல். ஒரு கணினியை மட்டும் குறையறச் சித்தம் செய்வது; அதன் வட்டில் உள்ளதை முழுவதும் ஒரு பெருங்கோப்பாக எடுத்து வைத்துக்கொள்வது; பிறகு அந்தக் கோப்பை மற்ற வட்டுகளின் மேல் அப்படியே பதித்துவிடுவது. முதலாவது கணினியைத் தாய்க் கணினி என்று நாம் வழங்குகிறோம். நியூஸிலாந்து தேசத்து ஆக்லாந்து நகரில் மர்ரே ஹாஸார்ட் என்பவர் 1995இல் இதற்கென ஒரு மென்பொருள் எழுதினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'கோஸ்ட்', அதாவது ஆவி. 1998இல் ஸிமான்டெக் கம்பெனியார் அதை வாங்கிக்கொண்டார்கள். பல்லாண்டுக் காலம் அமெரிக்கா முதல் அண்ணா சாலை வரை கணினிக் கடைக்காரர்கள் "கோஸ்ட் போடுவது" என்றே இத்தொழிலுக்குப் பெயர் சொல்லி வந்தார்கள். நம் கையில் இருப்பது தைவான் தேசத்து உயர்திறன் கணிப்பு மையத்தார் ஆக்கி இலவசமாக வழங்கும் குளோன்ஸில்லா. அதன் ஆசிரியர்கள் தாங்களே நடத்திப் பார்த்த ஒரு சோதனையில், 5.6 கிகாபைட் அளவுள்ள தாய்ப் படியை 41 கணினிகளுக்கு ஒரே வேளையில், சுமார் 10 நிமிஷத்தில் இறக்கியதாகக் கூறியிருக்கிறார்கள். கணினி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓதுவதில்லை. வானொலி நிலையத்தில் ஒருவர் பேச ஊரெல்லாம் கேட்பது போல, ஒரு முறை அனுப்பியதை அத்தனை யந்திரங்களும் வாங்கிக்கொள்கின்றன.

கோப்புகளை மட்டும் பிரதி செய்தால் ஆகாதோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆகாது. கணினியை உயிர்ப்பிக்கும்போது முதலில் எங்கே பார்க்க வேண்டும், வட்டு எத்தனை பாகமாகப் பிரிந்திருக்கிறது, எந்தப் பாகத்தில் இயக்க அமைப்பு இருக்கிறது என்ற குறிப்புகள் சாதாரணக் கோப்புகளுக்கு வெளியே இருக்கின்றன. பாத்திரம் பண்டமெல்லாம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாசற்படி வைக்க மறந்த வீடு எப்படி இருக்கும்?

பிரதி என்றதும் தமிழாசிரியர்களுக்கு ஏட்டுச் சுவடி ஞாபகம் வராமல் இராது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பிப்பதற்கு முன்பு எத்தனை சுவடிகளை எத்தனை ஊர்களிலிருந்து தேடிக்கொணர்ந்து ஒப்புநோக்கினார்கள்! ஏடெழுதுவோன் கண்ணயர்ந்தால் ஓர் எழுத்துப் போம். கற்றவனாயிருந்து தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினால் ஒரு சொல்லே போம். ஆனால் அந்தப் பிழைகளிலும் ஒரு நன்மை இருந்தது. பத்துச் சுவடியில் பிழை பத்து இடத்தில் இருக்குமாதலால், ஒன்றின் குற்றத்தை மற்றொன்றைக் கொண்டு திருத்த முடிந்தது. கணினிப் படிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. யந்திரம் கண்ணயர்வதுமில்லை, கெட்டிக்காரத்தனம் காட்டுவதுமில்லை. தாயில் உள்ள பிழை இருபதிலும் ஒரே இடத்தில், ஒரே உருவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வேலையெல்லாம் தாயைச் சித்தம் செய்வதில்தான் இருக்கிறது. பதிப்பது பொத்தானை அமுக்கும் காரியம்.

தாயைச் சித்தம் செய்வதில் சேர்ப்பது பாதி, நீக்குவது பாதி. சேர்ப்பது நமக்கு நன்றாகவே வந்தது. முதலில் தமிழ். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மகாநாட்டின் விளைவாக வந்த தமிழ் 99 விசைப்பலகை, ஒரு வாரப் பழக்கத்தில் விரலில் ஏறிவிடும். உயிரும் மெய்யும் சேரும் இலக்கணத்தை அறிந்த பிள்ளைக்கு ஒரு நாளே போதும். எழுத்துருவோ யூனிகோடாகவே இருக்க வேண்டும்; 2010இல் தமிழக அரசினரே அதை நியமமாக ஏற்றுவிட்டார்கள். எனினும் வேறு குறியீட்டில் தட்டெழுதிய பழைய வினாத்தாள்கள் நம் அலமாரியில் இன்றும் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால் தமிழுக்குப் பதில் பூச்சி பறக்கிறது.

இங்கே ஒரு நுட்பம். தாய்க் கணினியில் நாம் உட்கார்ந்துகொண்டு, நமக்கு வேண்டியபடி விசைப்பலகையையும் திரையையும் அமைத்தால், அது நமக்கு மட்டும் அமைத்ததாகவே ஆகும். பிள்ளைகளுக்கென்று புதுக் கணக்குத் திறந்தால் அது பிறந்த மேனியாய் நிற்கும். லினக்ஸில் 'ஸ்கெல்' என்றோர் அடைவு உண்டு. எலும்புக்கூடு என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். புதிதாகப் பிறக்கும் கணக்கு ஒவ்வொன்றுக்கும் அதிலுள்ளவைதாம் சீதனமாகப் போகின்றன. நம் அமைப்புகளை அதிலே வைக்க வேண்டும். விண்டோஸிலும் இதே காரியத்தைச் செய்வதற்கு விடைக் கோப்பில் ஒரு வரி எழுத இடமிருக்கிறது. இது தெரியாமல் அமைத்து, நாற்பது கணினிகளிலும் மறுபடி கையால் தமிழ் விசைப்பலகை வைத்த ஓர் அன்பரை நாம் அறிவோம்.

நீக்குவதுதான் கடினம். கணினியை ஒரு வாரம் பயன்படுத்தினால் போதும், அது ஒரு ஆசாமியாகிவிடுகிறது. அதற்கு ஒரு பெயர், ஓர் எண், சில சாவிகள், நிறைய ஞாபகங்கள். படியெடுக்கும்போது இவையெல்லாம் கூடவே போகும். ஒரே பெயருடன் இருபது கணினிகள் ஒரு வலையில் இருந்தால், 'ராமசாமி' என்று கூப்பிட்டதும் இருபது பேர் எழுந்திருக்கும் வகுப்பாகிவிடும். லினக்ஸில் யந்திர அடையாளம் என்று 32 எழுத்துக் கொண்ட ஒரு கோப்பு உண்டு; அதைக் காலி செய்துவிட்டு மூடினால், அடுத்த முறை விழிக்கும்போது புதிதாய் ஒன்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். காலி செய்யாமல் படியெடுத்தால், சில லினக்ஸ் அமைப்புகளில், வலை முகவரி வழங்கும் கருவி இரு யந்திரங்களையும் ஒருவரே என்று எண்ணி ஒரே முகவரியைக் கொடுத்துவிடும். பிறகு ஒன்று பேசும்போது மற்றொன்று ஊமையாகும். தொலைவிலிருந்து நுழைவதற்கான இரகசியச் சாவிகளும் அப்படியே. இருபது வீட்டுக்கும் ஒரே சாவி செய்து கொடுத்த கொல்லனை ஊரார் என்ன செய்வார்கள்? அந்தச் சாவிகளை நீக்கிவிட்டு, ஒவ்வொரு படியிலும் புதிதாக உண்டாக்க வேண்டும்.

விண்டோஸில் இதற்கென்று 'சிஸ்பிரெப்' என்னும் கருவியை மைக்ரோஸாப்ட்டாரே தருகிறார்கள். அதிலே 'ஜெனரலைஸ்' என்னும் விருப்பத்தைத் தேர்ந்தால், யந்திரத்துக்கே உரிய பாதுகாப்பு அடையாள எண் முதலியவற்றைக் களைந்து, அடுத்த விழிப்பில் கடையிலிருந்து அன்றுதான் வந்தது போல் அதை ஆக்கிவிடும். இந்த அடையாள எண்ணைப் பற்றி ஒரு ரசமான சரித்திரம் இருக்கிறது. மார்க் ருஸினோவிச் என்பவர், படியெடுத்த கணினியின் எண்ணை மாற்றிக் கொடுப்பதற்காக 'நியூஸிட்' என்று ஒரு சிறு கருவி செய்திருந்தார். உலகெங்கும் அதைப் பயன்படுத்தினார்கள். 2009 நவம்பரில் அவரே முன்வந்து, ஒரே எண் பல கணினியில் இருப்பதால் உண்மையில் கேடொன்றும் இல்லை, நாமெல்லாம் வீணே அஞ்சினோம் என்று விளக்கி எழுதிவிட்டு, தம் கருவியையும் ஓய்வு பெறச் செய்துவிட்டார். ஆனாலும் சிஸ்பிரெப் செய்தே படியெடுக்க வேண்டுமென்ற கம்பெனியின் விதி மட்டும் நீங்கவில்லை. பலர் முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டார்கள். பதினாறு ஆண்டு சென்றது. 2025 ஆகஸ்டு 29 ஆம் தேதி முதல் வந்த திருத்தங்களில், விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளும் சர்வர் 2025 பதிப்பும் அந்த எண்ணைக் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கின. சிஸ்பிரெப் செய்யாமல் படியெடுத்த யந்திரங்கள் ஒன்றோடொன்று பேச மறுத்தன. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் 'நீ யார்?' என்றன. கேடில்லை என்று சொன்னவர் அன்று சொன்னது பொய்யன்று. ஆனால் விதியை எழுதியவர்கள், அதை எப்போது அமல் நடத்துவதென்ற உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம்.

தாய்க் கணினியை நாம் ஆசிரியர் அறையிலே வைத்துச் சித்தம் செய்தோம். ஏழெட்டு நாள் அங்கே இருந்தது. இருக்கிற கணினியைச் சும்மா விடுவானேன் என்று, காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலையும் அதிலேயே தட்டெழுதினோம். எழுதி முடித்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கணினியில் இருந்ததை அழித்தோம். அழித்தோம் என்று நினைத்தோம். அது குப்பைத் தொட்டியில் இருந்தது. திரையில் தெரிகிற அந்தத் தொட்டியில் போட்டது, தொட்டியைக் காலி செய்கிற வரையில், வேறிடத்தில் வைத்த கோப்பே தவிர அழிந்த கோப்பன்று. தொட்டியைக் காலி செய்திருந்தால் குளோன்ஸில்லா பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றியிருக்கும். ஏனெனில் அது வட்டில் உபயோகத்தில் உள்ள பகுதிகளை மட்டுமே படியெடுப்பது வழக்கம். வட்டை அங்குலம் அங்குலமாக அப்படியே எடுக்கும் வேறு முறைகளும் உண்டு. அவற்றில் நிஜமாக அழித்த கோப்பின் மிச்சங்கூடப் போய்ச் சேரும், தேடத் தெரிந்தவன் எடுத்துவிடுவான். நமக்கு அத்தனை தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நம்முடைய கணக்கையே பிள்ளைகளுக்கும் பொதுவென்று விட்டுவிட்டோம். ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பு நேரத்துக்குள், பத்தொன்பது யந்திரங்களும் பதிந்து முடிந்தன. தலைமையாசிரியர் வந்து பார்த்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். நாமும் சற்றுக் கர்வப்பட்டோம் என்பதை மறைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை முதல் பாடவேளை பன்னிரண்டாம் வகுப்புக்கு. பிள்ளைகளுக்குப் புதுத் திரையைக் கண்டதும் உற்சாகம். கண்டதையெல்லாம் அமுக்கிப் பார்த்தார்கள். அதுதான் பிள்ளைகள் செய்ய வேண்டிய காரியமும். மூன்றாவது வரிசையில் ஒருவன் குப்பைத் தொட்டியைத் திறந்தான். சற்று நேரத்தில் பத்தொன்பது திரைகளிலும் அந்தப் பட்டியல் விரிந்தது. நாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். முதுகுப் பக்கம் அமைதி வந்ததும், ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்று மகிழ்ந்தோம். திரும்பிப் பார்த்தபோது எல்லாக் கண்களும் ஒரு பெண்ணின் பக்கம் இருந்தன. கணிதத்தில் 31. தேர்ச்சிக்கு 35 வேண்டும். வகுப்பில் அந்த ஒரு தாளில் தவறியவள் அவள் ஒருத்திதான். அவளுடைய திரையில் இன்னும் பட்டியல் திறக்கப்படவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலையில் நாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளுடைய ஊருக்குப் போனோம். தகப்பனார் வேர்க்கடலை மூட்டைகளோடு செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தார். தாயார் திண்ணையில் பாய் விரித்து, "வாங்க சார், உக்காருங்க" என்றார். மகள் உள்ளிருந்து மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணோடு நின்றாள். மதிப்பெண் குறைந்தால் என்னம்மா, அரையாண்டுக்கு இன்னும் நாளிருக்கிறதே என்று எல்லா உபாத்தியாயர்களும் சொல்லுவதைச் சொன்னோம்.

"மார்க்கு கொறைஞ்சதுக்கு இல்லீங்க சார்," என்றாள். "நான் பாக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பாத்துட்டாங்க."

இதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. தவறு நம்முடையது என்று அவளிடமும் தாயாரிடமும் சொன்னோம். சொல்லும்போது தாயார்தான் சங்கடப்பட்டார். வாத்தியார் மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. வியாழக்கிழமை அவள் வந்தாள். அன்று வகுப்பின் முன்னிலையிலும் அதையே சொன்னோம்.

அந்தக் கோப்பில் 42 பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் பெற்றோர் கைபேசி எண்ணும் இருந்தன என்பது அப்புறந்தான் நினைவுக்கு வந்தது. உலாவியில் நம்முடைய மின்னஞ்சலும் திறந்தபடியே பத்தொன்பது யந்திரத்துக்கும் போயிருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. பிள்ளைகள் பெரியவர்களைவிட யோக்கியர்கள் என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம்; எனினும் அதைச் சோதித்துப் பார்ப்பது உபாத்தியாயர் வேலையன்று.

அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். இம்முறை தாய்க் கணினியில் பள்ளி வேலை ஒன்றும் செய்வதில்லை என்று அதன் நெற்றியில் சீட்டெழுதி ஒட்டினோம். நமக்கொரு கணக்கு, பிள்ளைகளுக்கொரு கணக்கு. உலாவியைத் திறந்து பார்ப்பதானாலும் பார்த்தபின் அதன் ஞாபகத்தைத் துடைப்பது. வலையின் கடவுச்சொல்லையும், அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலையும், கட்டளை வரியில் தட்டியவற்றின் சரித்திரத்தையும் நீக்குவது. என்ன சேர்த்தோம், என்ன நீக்கினோம், எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்பது. இந்த நோட்டு இல்லாவிட்டால், அடுத்த ஆண்டு நாமே நமக்கு அந்நியராகிவிடுவோம்.

கடைசியாகப் பெயரையும் எண்ணையும் சாவிகளையும் களைந்து கணினியை அணைத்தோம். இதன்பின் அதை மறுபடி உயிர்ப்பிக்கக் கூடாது. உயிர்ப்பித்தால் அப்பொழுதே தனக்கென்று புது அடையாளம் ஒன்றைச் செய்துகொண்டு மீண்டும் ஓர் ஆசாமியாகிவிடும். வெளியிலிருந்து பென் டிரைவில் உள்ள குளோன்ஸில்லாவைக் கொண்டு கணினியை எழுப்பி, உறங்குகிற வட்டைப் படியெடுக்க வேண்டும். எடுத்த படியை முதலில் ஒரே ஒரு யந்திரத்தில் இறக்கி, நம் வகுப்பிலேயே மிகவும் குறும்புக்காரனான பையனை அழைத்து, அதில் உட்கார வைத்து, "என்ன கண்டுபிடிக்க முடியுமோ கண்டுபிடி" என்றோம். ஒரு மணி நேரம் தேடினான். நம் பெயரை ஓரிடத்தில் கண்டுபிடித்தான்! அச்சு யந்திரத்துக்கு அனுப்பிய ஒரு சோதனைத் தாளின் தலைப்பில் இருந்தது. அதையும் நீக்கி மறுபடி எடுத்தோம்.

பெரிய அளவில் இதே காரியம் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15 ஆம் தேதி தமிழக அரசினர் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கணினி போயிற்று. அவற்றிலே விண்டோஸும், அதனருகில் சென்னை ஸி-டாக் ஸ்தாபனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரட்டையராகக் குடியிருந்தன. எங்கோ ஓர் அறையில் ஒரு தாய்ப் படி. நாடெங்கும் அதன் குழந்தைகள். சுதேசிச் சரக்கு ஒன்று அத்தனை வீட்டுக்குள் நுழைந்ததில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் நாம் பார்த்த வரையில் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது வாசலைத் திறந்ததேயில்லை. திறந்து காட்டுவதற்கு உபாத்தியாயர்களுக்கும் யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

அண்டையிலுள்ள கேரளத்தார் வேறு வழியிலே சென்றார்கள். பள்ளிக் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அவர்களுடைய கைட் ஸ்தாபனம், உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு தாய்ப் படி ஆக்கி, 2019இல் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு என்று அறிவித்தது. மலையாள எழுத்துருக்களும் பாட மென்பொருள்களும் அதிலேயே அடக்கம். உரிமக் கட்டணமாக 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு எப்படியிருப்பினும், அங்கே ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அவர்கள் கையிலேயே இதை ஒப்படைத்தார்கள் என்பதுதான் நமக்குப் பொறாமையாயிருக்கிறது. இங்கே ஒவ்வொரு பள்ளியிலும் நம்மைப் போன்ற ஒருவர், சனிக்கிழமைகளில், தம் பிழையால் தாமே கற்றுக்கொண்டிருக்கிறார்.

சிங்கவரத்து மலைமேல், பல்லவர் காலக் குடைவரையிலே, ரங்கநாதப் பெருமாள் 24 அடி நீளத்துக்கு அதே மலைப் பாறையில் பள்ளிகொண்டிருக்கிறார். பெயர்த்தெடுக்கவும் முடியாது, படியெடுக்கவும் முடியாது. சிற்பிக்கு இரண்டாவது சந்தர்ப்பம் இருந்திருக்காது. உளி ஓரிடத்தில் தவறியிருந்தால் தவறியதுதான். இரண்டாவது சனிக்கிழமை வேலைக்குப் புறப்படுமுன் படியேறிச் சேவித்துவிட்டு வந்தபோது, நமக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடைத்ததை எண்ணிக்கொண்டோம். அந்தப் பெண் இப்போது மாலையில் கணிதத்துக்குத் தனியாக உட்காருகிறாள். அரையாண்டில் 48. அந்தப் பட்டியலை முதலில் அவளிடந்தான் காட்டினோம்.

கணினிகளுக்கு இம்முறை செஞ்சி வட்டாரத்து மலைகளின் பெயரை வைத்திருக்கிறோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, திருநாதர்குன்று என்று ஒவ்வொன்றின் தலையிலும் சீட்டு. பத்தொன்பதுக்கு மேல் வைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. இருபதாவது யந்திரத்தின் வட்டு தாயின் வட்டைவிடச் சிறியது. சிறியதில் பெரியது இறங்காதென்று குளோன்ஸில்லா கையை விரித்துவிட்டது. தாய்க்கு எப்போதும் இருப்பதிலேயே சிறிய வட்டுள்ள யந்திரத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். புது வட்டு ஒன்று வேண்டுமென்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து மூன்று வாரமாகிறது.